பேரீச்சைக்கு ஒரு பந்தல்

“அந்தா யன்னலோரம் இருக்கிறா, அவதான் இலை படிப்பிக்கிற ரீச்சர்.”

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மடியிலிருந்த பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். பைக்குள் இருந்தவையும் இலைகள்தான் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை.

பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பிப்பது அப்படியொரு தொழில். தையல் ரீச்சரிடம் ஊர் துணியோடு வரும். சங்கீத ரீச்சரைக் கலியாண வீட்டில் முன்வரிசையில் இருத்தும். சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கிவந்து இலையைப் பற்றிப் பேசுகிறவளை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியாது. என்னோடு இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஓர் ஆண்டில் எனக்கு நடந்தவற்றில் சிலதை மட்டும் எழுதுகிறேன். அன்று பஸ்ஸில் மற்றப் பெண் சொன்னாள்:

“எங்கட கோழியெல்லாம் தூங்கித் தூங்கி விழுது. அவவிட்டக் கேட்டா ஒரு இலை சொல்ல மாட்டாவா?”

கண்ணா இலை

எங்கள் பாடசாலையின் பின்மதிலைத் தாண்டினால் வாவிக் கரை. அங்கே சேற்றுக்குள் கண்ணா மரங்கள் நிற்கும். ஊரார் அவற்றை விறகாகவும் வேலிக் கம்பாகவும் மட்டுமே அறிவார்கள். எனக்கோ அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றும். கோடையில் வாவித் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் இடுப்பளவு நின்றுகொண்டு, அதையே குடித்து, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிட்டு, பச்சைப் பசேலென்று நிற்கிற மரம் அது. காலையில் இலையைத் தடவினால் விரலில் பொடிப் பொடியாக ஒட்டும்.

வகுப்பில் படம் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் கரைக்குக் கூட்டிப் போனேன். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் அந்தப் பக்கம் போகவிடாமல் நானே மறித்து நின்றேன். கண்ணா இலை ஒன்றைப் பறித்து, நுனி நாக்கால் தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டார்கள். பிறகு நக்கினார்கள். பிறகு, மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கொரு கொத்து முறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் என் பாடம் முதன்முதலாக ஒருவர் வீடுவரை போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்ததன் பலனாக, கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரின் மனைவி, என் மாணவி ஒருத்தியின் தாய், மறுநாள் காலையிலேயே பெரிய ரீச்சரின் அறையில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்று, இலையின் சுரப்பிகளைப் பற்றி ஒரு வசனம் தொடங்கி, பாதியில் விட்டேன். பெரிய ரீச்சர் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

“எங்கட வீட்டில பிள்ளைக்குச் சோத்துக்கு உப்புப் போட்டுத்தான் குடுக்கிறம், ரீச்சர்.”

சனிக்கிழமை வீடு

சனிக்கிழமைகளில் நான் காத்தான்குடிக்குப் போவேன். அங்கே புடவைக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், வயதுக்கு வந்ததும் வீட்டோடு இருந்துவிட்ட தன் மகள் சுபைதாவுக்கு இங்கிலீசும் கொஞ்சம் உலக விஷயமும் சொல்லிக் கொடுக்க என்னைக் கேட்டிருந்தார். வீடு வாவிப் பக்கம். நானும் சுபைதாவும் உள்ளறையில் பாய்போட்டு இருப்போம். ஹாஜியாரின் தங்கை, சுபைதாவுக்கு மாமி, பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு காவலிருப்பார். பாடத்தில் என்னைவிட அவர்தான் அதிகம் பேசுவார்.

முதல் நாள் வளவுக்குள் நுழைந்ததும் ஒரு பந்தலைக் கண்டேன். நான்கு கம்பு நட்டு, புதுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்து, மேற்குப் பக்கம் வெயில் படாமல் சாக்கும் கட்டியிருந்தார்கள். கலியாணம் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், பந்தலுக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பேரீச்சங் கன்று. சுற்றிலும் வயலுக்குப் போல வரம்பு கட்டி, தண்ணீர் நிறுத்தியிருந்தது.

கதையைச் சுபைதா சொன்னாள். உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து மக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு கடைப் பழம் உம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போய், ஊரில் நடவேண்டும் என்று அதன் கொட்டைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டார். ஹஜ் முடிந்த கையோடு காய்ச்சல் கண்டு, அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார். வாப்பா கொட்டைகளோடு தனியே கப்பலேறினார். நட்டவற்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். வீட்டுக் கிணறு கோடையில் உவர்த்துவிடும் என்பதால், கடற்கரைப் பக்கத்து மணற்கிணற்றிலிருந்து வண்டியில் நல்ல தண்ணீர் வரும். முதல் குடம் மரத்துக்கு. மாமி வெற்றிலையை மடித்தபடி என்னிடம் சொன்னார்:

“எங்கட வீட்டில மரத்துக்குப் பிறகுதான் மனிசருக்குத் தேத்தண்ணி.”

கொண்டை ஊசி

இத்தனை உபசாரத்துக்கும் கன்று நன்றாக இல்லை. அடி ஓலைகள் மஞ்சளடித்து, நுனிகள் கருகி, நடுக்குருத்து மெலிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பேரீச்சையின் ஓலை ஈட்டிபோல விறைத்து நிற்கவேண்டும். இது நோயாளியின் கைபோலத் தொங்கியது. ஒரு சனிக்கிழமை, மாமி உள்ளே போன நேரம் பார்த்து, கொண்டை ஊசியைக் கழற்றி அடிமண்ணில் குத்தி முகர்ந்து பார்த்தேன். அழுகல் நாற்றம்.

நிமிர்ந்தால் ஹாஜியார் நிற்கிறார். நெட்டையான மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியைக் கொண்டுவந்து காட்டியதையும், எருப் போட்டதையும், இன்னும் ஒரு குடம் தண்ணீர் கூட்டியதையும் சொன்னார். அதிகமான தண்ணீரும் அதிகமான நிழலும்தான் அதைக் கொல்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் பாலைவனத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். நான் சொல்லி, அதைக் கேட்டு அவர் செய்து, மரம் பட்டுப்போனால் பட்டுப்போவது மரம் மட்டுமல்ல. ஊசியைக் கொண்டையில் சொருகிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தேன். அவர் என்னை விடவில்லை.

“இது இரிக்குமா, போயிருமா? அதை மட்டும் சொல்லுங்க ரீச்சர்.”

எங்கள் வட்டை

அந்த ஆடி விடுமுறைக்கு என் சொந்த ஊரான மண்டூருக்குப் போனேன். வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. வாவியை ஒட்டிய எங்கள் வட்டையில், கரையோர வயல்களுக்குள் உவர்த் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. வாவியில் உப்புக் கூடிய காலத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் இப்படி நடப்பதுண்டு. கதிர் வெளிவரும் முன் பொதி கட்டிய நெற்பயிர் அடியோடு சிவந்து கிடந்தது. வரம்புக்கு அந்தப்பக்கம் உமிரிச் செடியும் கண்ணா மரமும் ஒன்றும் நடவாததுபோல நின்றன.

அப்பா வரம்பில் குந்தியிருந்தார். ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். நெல் வருகிற உப்பையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு வழி தெரியாமல் நிற்கிறது. உமிரி உப்பைத் தன் உடம்புக்குள் தண்ணீரோடு சேர்த்துப் பூட்டி வைத்துக்கொள்கிறது. கண்ணா பெரும்பகுதியை வேரிலேயே மறித்து, மீதியை இலையால் கழிக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அந்தச் செடிகளின் கெட்டித்தனத்தில் எனக்கு அப்படியொரு பெருமை. செத்த பயிருக்கு முன்னால் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று பிறகுதான் உறைத்தது. அப்பா கோபிக்கவில்லை. சிவந்த தாளொன்றைப் பிடுங்கி என் கையில் தந்தார்.

“அதுகளுக்கு இவ்வளவு தெரியுமெண்டால், எங்கட நெல்லையும் உன்ர வகுப்பில ஒருக்கா இருத்தி எடுவன், புள்ள.”

நோன்பு

ஹாஜியாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவர் மகளுக்குப் பாடமாகச் சொன்னேன். இங்கிலீசுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பாலைவனத்து மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று தொடங்கினேன். மழை வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவை அவை. உடை என்கிற முள்மரம் இலையைப் பொடிப் பொடியாகச் சிறுக்க வைத்துக்கொள்கிறது, வெயில் குடிக்க இடம் கொடுக்காமல். சில மரங்கள் வறட்சி கடுமையானால் இலையையே உதிர்த்துவிட்டுச் செத்தமாதிரி நிற்கின்றன. பேரீச்சை அதுவும் செய்வதில்லை. ஓலையின் ஒவ்வொரு கீற்றையும் ஓடம்போல மடித்துக்கொள்கிறது. மேலே சாம்பல் பூத்தமாதிரி மெழுகு பூசிக்கொள்கிறது. மேல்மண் எப்படிக் காய்ந்தாலும் வேரைக் கீழே கீழே விட்டு ஈரத்தைத் தேடுகிறது. அந்த ஈரம் உப்பாக இருந்தால், உப்பில் பெரும்பங்கை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தலைக்கு மேலே வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு நல்லது அதற்கு.

சுபைதா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார். நிழலும் தேங்கிய தண்ணீரும் இருந்தால் என்ன ஆகும் என்று சுபைதா கேட்டாள். வேருக்கு மூச்சு முட்டும் என்றேன். அவள் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள்.

“அப்ப நோம்பு பிடிச்சவரப் பிடிச்சு வெச்சு, நாங்க பகல் முழுக்கச் சோறு ஊட்டியிருக்கம்.”

கிணற்றடி

அடுத்த சனிக்கிழமை நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுபைதா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே உவர்க் கிணறு. பாத்திரம் கழுவவும் கால் கழுவவும் மட்டும் அதன் தண்ணீர். கழுவிய தண்ணீர் ஓடி வற்றுகிற இடத்தில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நிழலென்று ஒரு துளி இல்லை.

அந்த வெள்ளை மண்ணில், கத்தியை நட்டுவைத்ததுபோல, நேராக, விறைப்பாக, ஒரு வரிசைப் பச்சை முளைகள். கையால் தொட்டேன். நுனி குத்தியது. போன நோன்பு மாதத்தில், நோன்பு திறந்துவிட்டுப் பெண்கள் கிணற்றடியில் கைகழுவும்போது துப்பிய பேரீச்சங் கொட்டைகள் அவை. கடையில் நிறுத்து வாங்கிய சாதாரணப் பழத்தின் கொட்டைகள். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, புல்லென்று நினைத்து மாமி பலமுறை பிடுங்கியும் எறிந்திருக்கிறார். பிடுங்காமல் தப்பியவை அப்படி நின்றன. நான் அந்த உப்பு மண்ணில் முழங்காலிட்டுவிட்டேன். பட்டம் வாங்கப் போய்ப் படித்ததெல்லாம் எழுத்து. எழுத்துக்கு உயிர் வந்து என் முன்னால் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“அல்லாஹ்வே, இதையா நான் வெங்காயப் புல்லெண்டு பிடுங்கி ஆட்டுக்குப் போட்டன்?”

நிழல்

இலையைப் பற்றிப் பேசுவது எங்கள் தொழிலில் சுலபமான பகுதி, இலையின் சொந்தக்காரரோடு பேசுவதுதான் கஷ்டம். கிணற்றடியில் நான் சொன்ன எல்லாவற்றையும் சுபைதா அன்று மாலையே வாப்பாவிடம் சொல்லிவிட்டாள். பந்தலைக் கழற்றவேண்டும், வரம்பை வெட்டிவிடவேண்டும், நல்ல தண்ணீரை நிறுத்தவேண்டும், மண் நன்றாகக் காய்ந்த பிறகு எப்போதாவது கிணற்று உவர்த் தண்ணீரை ஊற்றினால் போதும். அவர் கிணற்றடிக்குப் போய் முளைகளைப் பார்த்தாராம். பிறகு கடைக்குப் போய்விட்டாராம். அந்த வாரம் முழுக்கப் பந்தல் அப்படியே நின்றது. நல்ல தண்ணீர் வண்டியும் வந்துகொண்டிருந்தது. குருத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

மறுவாரம் நான் போனபோது அவர் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். முன்னறையில் நின்று என்னைக் கூப்பிட்டார். மாமியும் சுபைதாவும் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். பந்தலைக் கழற்றச் சொன்னீர்களா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்களா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். பிறகு, என் வாழ்நாளிலே வயதில் மூத்த ஒரு வெளி ஆணின் முகத்தைப் பார்த்து நானாகப் பேசிய முதல் வசனத்தைப் பேசினேன். “அது நிழல் கேட்கிற மரம் இல்லை, ஹாஜியார்.”

அவர் கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் கதிரையில் மெல்ல இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை ரீச்சர் என்று கூப்பிட்டவர் அப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

“அங்க அவளை அடக்கின மையவாடியில ஒரு மரம் இல்ல, மகள். உச்சி வெயில்ல அவளை வெச்சிட்டு வந்தன். இதுக்காவது நிழல் இரிக்கட்டும் எண்டு நினைச்சன்.”

அன்று பகல்

உள்ளறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். சுபைதா வாசிக்கத் தொடங்கினாள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மாமி பாக்கை வெட்டிக் குவித்துக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை. மரம் செத்தால் ஹாஜியார் அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவே மாட்டார் என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னார். என்னையா சுபைதாவையா மனதில் வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் போக எழுந்தேன்.

அப்போது வளவுக்குள் கத்தியால் வெட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினோம்.

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முதலில் மேற்குப் பக்கச் சாக்கை அறுத்து இறக்கினார். வேலைக்காரன் ஏணியோடு ஓடிவந்தான். அவனைக் கைகாட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். கயிறு கயிறாக அறுத்து, கிடுகு கிடுகாக இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக மதிலோரம் அடுக்கினார். வெயில் முதலில் வரம்பில் விழுந்தது, பிறகு அடி ஓலைகளில், பிறகு குருத்தில். நான்கு கம்புகளையும் ஆட்டிப் பிடுங்கினார். மண்வெட்டியை எடுத்து வரம்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார். தேங்கியிருந்த தண்ணீர் வளவு முழுக்க ஓடி, மணலுக்குள் போனது. வெட்டிய வாய்களுக்குள் கையை விட்டுச் சேற்றை வழித்தெடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து வந்ததும் அவர் ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதாகவும், விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதாகவும் சுபைதா சொன்னாள். சில வாரங்கள் அப்படிப் போயின. ஒரு சனிக்கிழமை நான் இருக்கும்போதே விரலை விட்டுப் பார்த்தார். வெறும் மணல் ஒட்டி வந்தது. நேரே கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி உவர்த் தண்ணீர் இழுத்தார். அதில் ஒரு கை அள்ளித் தான் குடித்தார். மிச்சத்தைக் கொண்டுவந்து மரத்தடியில் ஊற்றினார்.